ஏரியின் சுற்றளவு

பட்டாபிராமிலிருந்து சென்ட்ரல் போகும் காலை ரயிலில் எனக்கு எதிரே அக்காவும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா இயற்பியல் டீச்சர். அன்றைக்கு எடுக்க வேண்டிய பாடத்தைத் தங்கையிடம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கருந்துளைல எது உழுந்தாலும் அதோட பரப்பு கூடும், குறையாது. உள்ள போனது இன்னான்னு வெளிய தெரியாது. ஆனா அது பெருசாயிடும்."

"எங்க ஊட்டாண்ட ஏரியும் அப்டித்தான்க்கா."

"அதையே நெனைக்காத சுமதி. உன் ஊட்டுக்காரரு போயி ரெண்டு மாசமாச்சு."

"கரையில செருப்பு மட்டும்தானே கெடந்துச்சு, ஆளு கெடைக்கலியே. நானும் அவரும் அடி எண்ணிக்கினே ஏரியச் சுத்துவோம்ல? இப்பவும் தெனம் எண்றேன். அவரு போன மறுநாளு நாப்பது அடி கூடிப்போச்சு."

"மழை பெஞ்சிருக்கும்டி."

"இந்த வெயில்ல எங்கக்கா மழை?"

டீச்சர் புத்தகத்தை மூடினாள். ரயில் அம்பத்தூரில் நின்று கிளம்பியது. பிறகு தங்கை குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஒரு ஆளு உழுந்தா ஒரு தபாதானே பெருசாகணும்? தெனமும் கூடிக்கினே போவுதேக்கா. வேற யாரு உழுறாங்க?"