அண்ணாச்சி திறக்காத மெசேஜ்

நம் குரூப்பில் இருக்கிற எல்லோருக்கும் வணக்கம். நன்றாக இருக்கிறீர்களா? வீட்டில் பெரியவர்களுக்கு உடம்பு பரவாயில்லையா? இந்தப் பனியில் சளி பிடித்தால் லேசில் விடாது. ஆவி பிடிக்கச் சொல்லுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் வரலட்சுமி. ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறேன். சாவு விழுந்த வீட்டில், வெளியூர்ப் பிள்ளைகள் வந்து சேரும்வரை உடலை வைத்திருக்கிற கண்ணாடிப் பெட்டிதான். கூடவே நாற்காலி, ஷாமியானா, கண்ணீர் அஞ்சலி பேனர். என் வீட்டுக்காரர் போன பிறகு எல்லாம் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். போன மாதம் திருவொற்றியூரில் நடந்ததைப் பற்றி ஆளுக்கு ஒன்று பேசுகிறார்களாம். பேசட்டும். ஆனால் செய்தவளே சொல்லிவிட்டால் யாருக்கும் குழப்பம் இருக்காது பாருங்கள்.

இந்தத் தொழிலில் முந்துகிறவருக்குத்தான் பிழைப்பு. எந்தப் பெட்டி முதலில் வாசலுக்கு வருகிறதோ அதை இறக்கிவிடுவார்கள். அழுதுகொண்டிருக்கிறவர்கள் நாலு இடத்தில் விலை கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. ஆனால் எண்ணூர் சாலையின் லட்சணம் உங்களுக்கே தெரியும். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றால் என் வண்டியும் அதற்குப் பின்னால் நிற்க வேண்டியதுதான். நான் போய்ச் சேர்வதற்குள் வேறு யாருடைய பெட்டியோ கூடத்தில் உறுமிக்கொண்டிருக்கும்.

வியாசர்பாடி பிரகாஷ்தான் ஒரு வழி சொன்னான். துணிக்கடைகளிலிருந்தும் பிரியாணிக் கடைகளிலிருந்தும் வாடிக்கையாளர் போனுக்குத் தானாக மெசேஜ் போகிற ஏற்பாட்டைச் செய்து கொடுப்பது அவன் வேலை.

"ஆயா, ஒருத்தி பொடவைய பாத்துட்டு வாங்காம போறான்னு வையி. கம்ப்யூட்டர் வுடாது. மறுநாளே, 'நீங்க பாத்த பொடவை உங்களுக்காக காத்துகினு கீது'ன்னு அதுவா அனுப்பும். தொறந்து பாத்தாளா, அடுத்தது போவும். தொறக்கலியா, வேற ஒண்ணு போவும்."

"என்னாண்ட வரவங்கோ பொடவைக்கா வராங்கோ?"

"இன்னா ஆயா, வெசாரிச்சிட்டு வாங்காம போறவன் உன்னாண்டயும் கீறான்ல?"

இருந்தார்கள். ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள் என்று வீட்டுக்குக் கூட்டி வந்து, பெட்டிக்கு விலை கேட்டுவிட்டு, அப்புறம் சத்தமே காட்டாமல் இருந்துவிடுகிறவர்கள். நோயாளி பிழைத்துக்கொண்டிருப்பார். நல்ல விஷயம்தான். நமக்கு ஒரு வார்த்தை சொல்லலாம் இல்லையா, சொல்ல மாட்டார்கள். அப்படிப்பட்டவர்களைக் கம்ப்யூட்டர் 'காத்திருப்போர்' என்று தனியாக ஒதுக்கி வைத்துக்கொண்டது.

மெசேஜ்களை நானே எழுதினேன். மரியாதைக் குறைவாக ஒன்றும் இருக்காது. 'நீங்கள் விசாரித்த பெட்டி உங்களுக்காகத் தயாராக இருக்கிறது.' அதைத் திறந்து பார்த்தவர்களுக்கு, 'இந்த வாரம் முடிவு செய்தால் பேனர் இலவசம்.' அதையும் திறந்தவர்களுக்கு, பேனரில் போட நல்ல போட்டோ ஒன்றை இப்போதே எடுத்து வைக்கும்படி ஒரு யோசனை. கடைசி நேரத்தில் ஆதார் அட்டைப் படத்தைக் கொண்டுவந்து நீட்டினால் நான் என்ன செய்ய முடியும்?

ராசையா அண்ணாச்சி திருவொற்றியூரில் மளிகை மொத்த வியாபாரி. பக்கவாதத்தில் விழுந்து, இனி பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மகன் ஜெஸ்வின், கடை நம்பரிலிருந்து வீட்டு விலாசமும் போட்டுப் பெட்டிக்கு விலை கேட்டான். அன்று சாயங்காலமே அண்ணாச்சி கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டிருக்கிறார். அந்தச் சந்தோஷத்தில் ஜெஸ்வினுக்குப் பெட்டி மறந்துவிட்டது. படுத்திருக்கிறவருக்குப் பொழுது போகட்டும் என்று கடை போனை அப்பா கையில் கொடுத்துவிட்டான்.

ஆகவே என் மெசேஜ் எல்லாம் அண்ணாச்சிக்கே போனது. ஒரு நாள் அவரே கூப்பிட்டார். நாக்கு கொஞ்சம் குழறியது. ஆனால் கேள்வி தெளிவாக இருந்தது.

"ஏம்மா, பெட்டி தயாரா இருக்குன்னு போட்டிருக்கியே, யாருக்கு?"

"வெசாரிச்ச பார்ட்டிக்குங்க. ஜெஸ்வின்னு பேரு கீது."

ஜெஸ்வின் என்று தானும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார்.

"எம் மவன்தான். வாடகை என்ன சொன்ன அவன்ட்ட?"

சொன்னேன்.

"கூடுதலு. அவனுக்குப் பேரம் பேசத் தெரியாது. கொறச்சுப் போடு."

குறைத்தேன். விடவில்லை மனுஷன். நாற்காலிக்கும் பேசினார். ஷாமியானா வேண்டாம், வாசலில் வேப்ப மரம் இருக்கிறது என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். வைப்பதற்கு முன்னால், "என்னைக்கு வேணும்னு எதுவும் சொன்னானா?" என்று கேட்டார்.

"தேதி சொல்லலீங்க" என்றேன். பொய் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.

அதற்கப்புறம் அண்ணாச்சி ஒரு மெசேஜையும் தவறவிட்டதில்லை. காலை மாத்திரை நேரத்தில் அனுப்பினால் போன உடனே நீல டிக் விழுந்துவிடும். அதைப் பார்த்துத்தான் காத்திருப்போர் எல்லோருக்குமே காலை நேரமாக மாற்றினேன். நல்ல பலன் இருந்தது. வாடிக்கையாளரிடமிருந்து கற்றுக்கொள்வதில் எனக்கு வெட்கமே கிடையாது.

இன்னொன்றும் தோன்றியது. பிரகாஷிடம் கேட்டேன்.

"தெனம் காலைல தொறக்கறவரு ஒரு நாளு தொறக்கலன்னா இன்னாடா அர்த்தம்?"

"போன்ல சார்ஜ் இல்லன்னு அர்த்தம்."

"படுத்த படுக்கையா கீறவரு, நைனா. நல்லா ரோசன பண்ணு."

யோசித்தான். முகம் ஒரு மாதிரி ஆனது. "பேஜார் புடிச்ச ஆயா நீ" என்று முனகிக்கொண்டே அந்த ஏற்பாட்டையும் செய்து கொடுத்தான். தினமும் திறக்கிறவர் ஒரு காலையில் திறக்காவிட்டால், என் டிரைவர் காலித்தின் போனுக்கு விலாசம் தானாகப் போய்விடும். லாரி வரிசை சேர்வதற்குள் வண்டி கிளம்பிவிடலாம். வீட்டார் அழுதுகொண்டே நம்பர் தேடுகிற சிரமமும் மிச்சம்.

இதற்கிடையில் அண்ணாச்சியின் மருமகள் மகிமா என்னைத் தேடி வந்தாள். நல்ல பெண். ஆட்டோவில் அழுதுகொண்டே வந்திருப்பாள் போலிருக்கிறது.

"ஆன்ட்டி, அந்த மெசேஜ நிறுத்துங்க. மாமா சரியா சாப்பிட மாட்டேங்கிறாங்க. மாத்திரைய தலகாணிக்கு அடியில ஒளிச்சு வைக்கிறாங்க. கேட்டா, 'அதான் பெட்டிக்குச் சொல்லியாச்சே, பொறவு என்னத்துக்கு'ங்கிறாங்க. எங்க வீட்டுக்காரங்க மாமா கால்ல விழுந்து அழுதாச்சு. அன்னைக்கு டாக்டர் சொன்னாரு, தெரியாம கேட்டுட்டேன்னு சொல்லியாச்சு. பாதி நம்புறாங்க. காலைல மறுபடியும் வந்துடுது."

"டாக்டர் இன்னாம்மா சொல்றாரு இப்ப?"

"ஒழுங்கா மாத்திர போட்டா ஈஸ்டருக்குக் கோயிலுக்கு நடந்தே வருவாருங்கிறாரு."

டீ வரவழைத்துக் கொடுத்தேன். நிறுத்திவிடுகிறேன் என்றேன். கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை அண்ணாச்சி மெசேஜைத் திறக்கவில்லை. வண்டி கிளம்பிவிட்டது.

வீட்டில் கதவு திறந்திருந்ததாம். ஜெஸ்வின் கடையில், மகிமா தெருமுனையில் காய் வாங்கிக்கொண்டிருந்தாள். காலித்தும் கூட ஒரு ஆளும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குள் போயிருக்கிறார்கள். கட்டிலில் அண்ணாச்சி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். எதிரே ஒரு தட்டில் இட்லி.

காலித் திரும்பி வந்து என்னிடம் சத்தம் போட்டான். "பெரியவரு உசுரோட குந்திகினு கீறாரும்மா. என்னையே பாக்குறாரு. 'பையன் சொல்லி வுட்டானா'ன்னு கேக்குறாரு. ஆர்டர் வந்துச்சு, வந்தோம்னு சொன்னேன். வேற இன்னா சொல்லுவேன்?"

"அவரு இன்னா சொன்னாரு?"

"'அந்த சன்னல் பக்கம் வையி, பிளக்கு அங்கதான் இருக்கு'ன்னாரு."

ஜெஸ்வின் ஓடி வந்து பெட்டியை வெளியே தள்ளியிருக்கிறான். அப்பாவின் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பியிருக்கிறான். அண்ணாச்சி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கப்புறம் சோற்றுக்கும் திறக்கவில்லை, மாத்திரைக்கும் திறக்கவில்லை, மகன் பேருக்கும் வாய் திறக்கவில்லை. அந்த வாரமே போய்ச் சேர்ந்துவிட்டார்.

பெட்டி என்னுடையதுதான் போனது. அக்கம்பக்கத்தார் அவசரத்தில் கைக்கு வந்த நம்பரைக் கூப்பிட்டார்கள். அவர் பேரம் பேசிய விலைக்கே கொடுத்தேன், ஒரு ரூபாய் கூட்டவில்லை. ஷாமியானாவும் போடவில்லை. அடக்கம் முடிந்து மறுநாள், 'எங்கள் சேவை எப்படி இருந்தது?' என்று கம்ப்யூட்டர் வழக்கம்போல் கேட்டிருக்கிறது. ஜெஸ்வின் அதைத் திறந்து பார்த்திருக்கிறான். பதில் போடவில்லை. வருத்தத்தில் இருப்பான், புரிகிறது.

கம்ப்யூட்டர் செய்த தப்பு, பாவம் கிழவிக்கு என்ன தெரியும் என்று எனக்காகப் பரிந்து பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நன்றி. ஆனால் அது சரியில்லை. மெசேஜை நிறுத்துகிற பொத்தான் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பிரகாஷ் காட்டிக் கொடுத்திருக்கிறான், ஒரே ஒரு பொத்தான். அன்றைக்கு மகிமா டீயைக் குடித்துக்கொண்டே, "நானும் அந்த போனை எடுத்து அரிசி டின்னுக்குள்ள வெச்சுட்டேன் ஆன்ட்டி, இனிமே அவங்க கண்ணுல படாது" என்றும் சொன்னாள். அப்படியானால் நாளைக் காலையில் அதை யாரும் திறக்கப் போவதில்லை, திறக்காவிட்டால் வண்டி கிளம்பும் என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. ஏற்பாடு செய்ததிலிருந்து ஒரு தடவைகூட அதை ஓட்டிப் பார்த்ததில்லை. எண்ணூர் சாலையில் லாரிகளுக்கு முன்னால் வண்டி போய்விடுகிறதா என்று பார்க்க எனக்கு ஒரு நாள் தேவைப்பட்டது.

போய்விட்டது. நல்ல நேரத்துக்கே போய்விட்டது.

நான் யாரையும் தொடவில்லை, கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. இருந்தாலும் மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது என்றுதான் எழுதினேன். இனி நீங்கள் சொல்லுங்கள். உங்கள் வீட்டிலும் டாக்டர் கைவிட்டுப் பிழைத்து எழுந்தவர்கள் இருப்பார்கள். அவர்களைப் பற்றி இதற்குக் கீழே நாலு வரி எழுதுங்கள், எல்லோரும் படிப்போம். காலையில் எத்தனை மணிக்குப் போனைக் கையில் எடுப்பார்கள் என்பதையும் சேர்த்து எழுதினால் எனக்கு உதவியாக இருக்கும்.