விளக்கைத் திருப்பியவன்

தேநீருக்கு நன்றி இன்ஸ்பெக்டர் ஐயா. சர்க்கரை இன்னும் ஒரு கரண்டி போட்டிருக்கலாம்.

முப்பத்தைந்து வருடம் ஓவியக்கூடத்தில் விளக்கு பொருத்தினேன். நான் விளக்கைத் திருப்பினால் வெறும் சுவரைக்கூட நாலு பேர் பார்த்துக் கண் கலங்குவார்கள். ஓய்வுக்குப் பிறகு என் அறையில் இருப்பது ஒரே பல்பு. அதற்கும் என்னைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

மாடி அறைக்காரி மட்டும் ஞாயிறுதோறும் பேச வருவாள். திருநங்கை. அது எனக்குத் தெரியும், அவள் வேலை பார்த்த பல் மருத்துவமனைக்குத் தெரியாது. ஒன்பது வருடமாகக் கறுவிக்கொண்டு தேடும் அண்ணனுக்கு அவள் இருக்கும் இடமே தெரியாது.

தன்னையே ஆள் உயரத்துக்குப் படம் எடுத்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு, திருநங்கைகளின் கண்காட்சியில் வைத்தாள். விளக்குக்கு என்னைக் கூப்பிட்டாள்.

“வெளிச்சம் பாக்க வர்றவங்க மேல விழணும் பெரியப்பா. கண்ணாடியில அவங்க மூஞ்சிதான் தெரியணும். என் தோள் லேசா தெரிஞ்சா போதும்.”

“இதுக்கு நீ சலூன் வெச்சிருக்கலாமே.”

சிரித்தாள். “உள்ள நான் இருக்கேன்ல? அது போதும் பெரியப்பா.” கண்காட்சி முடிந்ததும் ஊர் மாறப்போவதாகவும் அப்போதுதான் சொன்னாள்.

முதல் நாள் வந்தவர்கள் எல்லாரும் படத்துக்கு முன்னால் நின்று தலை வாரிக்கொண்டு நகர்ந்தார்கள். ஏணியில் ஏறி விளக்கைப் படத்தின் பக்கமாக ஒரு சாண் திருப்பினேன். கண்ணாடி மறைந்து அவள் முகம் வந்தது. ஆயிரம் கைபேசிகள் நிமிர்ந்தன. சரி, நாற்பது. நாலு பேர் கொண்டாடினால் அவள் ஏன் போகப்போகிறாள்?

மறுநாள் மருத்துவமனையில் வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். மூன்றாம் நாள் கூடத்து வாசலில் அவள் சாடையிலேயே ஒருவர் நின்றார். கைபேசியில் இருந்த படத்தைக் காட்டி, “இது எங்க இருக்கு?” என்றார். அண்ணன்தான். சொந்தம் தேடி வந்துவிட்டால் ஒருத்தி ஊரை விட்டுப் போவாளா? விவரமாக வழி சொன்னேன். மாடிப்படியில் மூன்றாவது படி உடைந்திருக்கிறது, பார்த்து ஏறுங்கள் என்றும் சொன்னேன். அவர் கையில் இருந்த இரும்புக் கம்பியைக் குடை என்று நினைத்தேன் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அதனால் அப்படிச் சொல்லவில்லை.

அவள் முழங்கால் எலும்பு கூடிவர ஆறு மாதம் ஆகுமாம். அதுவரை அவளால் எங்கும் போக முடியாது. நாலு மணிக்கு நோயாளிகளைப் பார்க்க விடுவார்கள், அவளுக்கென்று போகிற ஆள் நான் ஒருவன்தான். தினமும் ஒரு மணி நேரம் பேசுகிறேன். முன்பெல்லாம் ஞாயிறு மட்டும்தான்.

என்னைக் கண்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். மருந்தின் அசதி. நர்ஸ் அப்படிச் சொல்லவில்லை, நானாகப் புரிந்துகொண்டேன்.