கரி வெளுக்கும் முன்

ஃபெஸ் நகரத்தில் குளிரடிக்கும் என்று எங்கள் விருந்தாளிகள் யாரும் நம்புவதில்லை. மொராக்கோ என்றால் ஆப்பிரிக்கா, ஆப்பிரிக்கா என்றால் வெயிலும் ஒட்டகமும்தான் என்று சின்ன வயதில் யாரோ அவர்கள் தலையில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். ஜனவரி மாதத்தில் மெல்லிய சட்டையோடு வந்து இறங்குவார்கள். முற்றத்துச் சலவைக்கல்லில் கால் பட்டதும் பல் தந்தியடிக்கும். ஹீட்டர் கொடுத்தால் பழமை போய்விட்டது என்று இணையத்தில் எழுதுவார்கள். கொடுக்காவிட்டால் குளிர் தாங்கவில்லை என்று எழுதுவார்கள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள். எங்கள் சந்தில் சுமை தூக்கும் கழுதைகளுக்காவது கொஞ்சம் தெரியும் என்று நினைக்கிறேன்.

நீங்கள் காசாபிளாங்காக்காரர், இன்ஸ்பெக்டர். கடலோரத்தில் வளர்ந்தவருக்குக் கரியடுப்பைப் பற்றி அதிகம் தெரிந்திருக்காது. அதனால்தான் முதல் நாள் நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டீர்கள். இன்று செருப்பைப் பற்றிக் கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. அதற்கு வருகிறேன்.

என் பெயர் அப்துல்ஹை ஸ்கல்லி. நபியின் வம்சத்தில் வந்த குடும்பம் என்பதால் தெருவே என்னை மௌலாய் என்றுதான் கூப்பிடும். எங்கள் வீட்டை ஹோட்டலாக்கியது நான். வாசலில் நின்று விருந்தாளிகளை வரவேற்பதும், இந்த வீட்டுக்கு அறுநூறு வயது என்று சொல்வதும் நான்தான். உண்மையில் கட்டியது என் கொள்ளுத்தாத்தா. ஆனால் அறுநூறு என்றால் அவர்கள் சுவரைத் தடவிப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்கள். கொள்ளுத்தாத்தா என்றால் கழிவறை எங்கே என்று கேட்கிறார்கள்.

இந்தப் பொய்யைக் கண்டுபிடித்தவர் லம்பேர் ஒருவர்தான். பெல்ஜியத்துக்காரர். பழைய ஹோட்டல்களில் தங்குவது, அவற்றைப் பற்றிப் புத்தகம் எழுதுவது, இதுதான் அவர் பிழைப்பு. இப்படியும் ஒரு பிழைப்பு இருக்கிறது பாருங்கள். ஒவ்வொரு குளிர்காலமும் எங்களிடம் வருவார். என்னுடையதைவிடக் கனமான அங்கி போட்டுக்கொள்வார். சந்தில் கோவேறு கழுதைக்காரன் "ஒதுங்கு, ஒதுங்கு" என்று கத்தும்போது நாங்களெல்லாம் சுவரோடு ஒட்டிக்கொள்வோம். அவர் நடுச்சந்தில் நின்று படம் எடுப்பார். ஒருநாள் முற்றத்துச் சுவரில் பதித்த நீல ஓடுகளைக் குனிந்து பார்த்துவிட்டு, "மௌலாய், தாங்கள் உரைக்கும் காலத்தில் இத்தகைய நீலம் புழக்கத்தில் இருந்ததில்லை" என்றார். அவருடைய அரபு, புத்தகத்தில் படித்த அரபு. கேட்கும்போது ஏதோ கல்லறைக் கல்வெட்டு எழுந்து நின்று பேசுவதுபோல இருக்கும்.

வீட்டைப் பற்றி அவர் எழுதியது ஒரு வரி. பத்தூலைப் பற்றி எழுதியது ஒரு பக்கம். எல்லோருமே அப்படித்தான். வீடு பரவாயில்லை, பத்தூலின் கைப்பக்குவம் அற்புதம். அறை சிறிது, பத்தூலின் சிரிப்பு பெரிது. என் தங்கையைத்தான் சொல்கிறார்கள். மணமுறிவாகித் திரும்பி வந்தவளுக்கு இடம் கொடுத்தது நான். அதை யாரும் எழுதவில்லை.

அவளிடம் நான் கடுமையாக நடந்துகொண்டேன் என்று எங்கள் வேலைக்காரி ஹலீமா உங்களிடம் சொல்லியிருப்பாள். கண்டித்திருக்கிறேன். அண்ணன் கண்டிக்காமல் வேறு யார் கண்டிப்பது? கோழி மிதித்துக் குஞ்சு சாகாது.

இப்போது குளிர்காயும் கரியடுப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வழக்கப்படி அடுப்பை மொட்டைமாடியில்தான் பற்றவைப்பார்கள். மாடி பெண்களுடைய இடம். ஆண்கள் படியிலேயே நின்றுகொள்வோம். கரி முழுக்க வெளுத்துச் சாம்பல் பூத்த பிறகுதான் அறைக்குள் கொண்டுபோக வேண்டும். கருப்பு மிச்சமிருந்தால் அதிலிருந்து வரும் காற்றுக்கு வாசனையும் கிடையாது, இரக்கமும் கிடையாது. வெளுத்த கரியாக இருந்தாலும் கதவை முழுக்கச் சாத்தமாட்டோம். எங்கள் அறைக் கதவுகள் கோட்டைக் கதவு மாதிரி பெரியவை. அந்தக் கதவுக்குள்ளேயே, குனிந்து நுழைகிற அளவில், ஒரு சின்னக் கதவு இருக்கும். பெரியதைச் சாத்தி, சின்னதைக் கையகலம் திறந்து வைப்போம். எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் இது தெரியும். லம்பேருக்குத் தெரியாது. அவர் ஓடுகளின் வயதைத்தான் படித்திருந்தார்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து கூஸ்கூஸ் சாப்பிட உட்கார்ந்தோம். மற்ற விருந்தாளிகள் தோல் பதனிடும் தொட்டிகளை மூக்கைப் பிடித்துக்கொண்டு பார்க்கப் போயிருந்தார்கள். நாற்றத்தைப் பார்ப்பதற்காக இவ்வளவு தூரம் விமானம் ஏறி வருகிறார்கள். லம்பேர் கையால் உருட்டிச் சாப்பிட முயன்று, பாதியைத் தாடியில் விட்டார்.

"கரண்டி எடுத்துக்குங்க முஸ்யே. தாடிக்குன்னு நான் தனியா சமைக்கல" என்றாள் பத்தூல். லம்பேரை அவள் முஸ்யே என்றுதான் கூப்பிடுவாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். காலையிலிருந்தே அவளுக்கு ஜலதோஷம். பிறகு அதே குரலில் என்னிடம் சொன்னாள்.

"அண்ணே, வர்ற நோன்பு மாசம் முடிஞ்சதும் நான் தாஞ்சியர் போறேன்."

"போயேன். ரெண்டு நாள் கடல் காத்து வாங்கிட்டு வா."

"ரெண்டு நாளுக்கில்ல. முஸ்யே அங்க ஒரு பழைய ஹோட்டலை வாங்கியிருக்காரு. அதை நடத்த என்னைக் கூப்பிடறாரு. சரின்னுட்டேன்."

"என்னைக் கேக்கவே இல்லியே."

"கேட்டா நீ என்ன சொல்லுவன்னு தெரியும். பதினஞ்சு வருசமா நான் அடுப்படியில வேகறேன், நீ வாசல்ல நின்னு தாத்தா கதை விடற. வர்றவங்க உன் கதைக்கா வர்றாங்க?"

லம்பேர் தாடியைத் துடைத்துக்கொண்டு, "மௌலாய், தாங்கள் வருந்தலாகாது. ஓர் இல்லத்தின் ஆன்மா இடம்பெயர்வதும் உண்டு" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். நான் ஆரஞ்சை உரித்தேன், இலவங்கப்பட்டைப் பொடி தூவினேன், இருவருக்கும் பகிர்ந்து கொடுத்தேன். என் வீட்டில் என் சோற்றைத் தின்றுகொண்டே என் வீட்டின் ஆன்மாவை ஒருவர் மூட்டை கட்டுகிறார். அவருக்கு நான் ஆரஞ்சு கொடுத்தேன்.

பிறகு லம்பேரிடம், "மேல் அறையில கரியடுப்பு வைக்கச் சொல்லட்டுமா? பழைய முறையில ஒரு குட்டித் தூக்கம் போடுங்க" என்றேன். வாரம் முழுக்க அவர் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"வேணாம் அண்ணே, அவருக்குப் பழக்கமில்ல. கதவை இறுக்கிச் சாத்திட்டுப் படுத்துருவாரு" என்றாள் பத்தூல்.

"நான் பாத்துக்கறேன்" என்றேன்.

ஹலீமா அடுப்பைப் படி வரைக்கும் கொண்டு வந்தாள். கொடுக்க மனமில்லை. "இன்னும் கருப்பா இருக்கு மௌலாய். வெளுக்கட்டும்" என்றாள்.

"விருந்தாளி நடுங்கறாரு. கொடு."

"நடுங்கினா கம்பளி இருக்கு. நாம அவசரப்பட்டா கரியும் அவசரப்படுமா?"

வாங்கிக்கொண்டேன். அவளை வீட்டுக்குப் போகச் சொன்னேன். வெள்ளிக்கிழமை மதியம் அவளுக்கு எப்போதும் விடுமுறைதான், அதில் புதிதாக ஒன்றுமில்லை. அடுப்பை மேல் அறையில் வைத்தேன், ஜன்னல் பலகைகளை இறக்கினேன், சந்து முனைக் கடைக்குத் தேநீர் குடிக்கப் போய்விட்டேன்.

லம்பேருக்கு என்ன ஆகவேண்டும் என்று நினைத்தேன் என்று கேட்பீர்கள். ஒரு தலைவலி. உண்மையான பழமை எப்படி இருக்கும் என்று ஒரு பாடம். வாந்தி எடுத்து, பெட்டியைக் கட்டிக்கொண்டு, தாஞ்சியரையும் மறந்துவிட்டு ஊர் போய்ச் சேரட்டும் என்று நினைத்தேன். தலைவலி எங்கே தொடங்கும் என்று தெரியும். எங்கே முடியும் என்று யார் அளந்து சொல்ல முடியும்? அதைப் பற்றி நான் ரொம்ப யோசிக்கவில்லை. தேநீரில் புதினா குறைவாக இருந்தது, அது நினைவிருக்கிறது.

அவருக்கு முட்டி வலி வந்து படியேற முடியாமல் போனது எனக்குத் தெரியாது. பத்தூல் கீழே இருந்த தன் அறையை அவருக்குக் கொடுத்ததும், "அண்ணன் வெச்ச நெருப்பு வீணாப் போவானேன்" என்று சொல்லி மேலே படுக்கப் போனதும் பிறகு அவர் அழுதுகொண்டே உங்களிடம் சொன்னதுதான். அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். அது பத்தூல் பேசுகிற பேச்சுதான்.

அடுப்பை வைத்த பிறகு நான் மேலே போகவே இல்லை, காற்றில் சின்னக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது என்று முதல் நாள் சொன்னேன். அதை மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். சாயங்காலத் தொழுகைக்கு அழைப்பதற்கு முன்பே வீடு திரும்பிவிட்டேன். லம்பேர் எப்படி இருக்கிறார் என்று பார்க்கப் படியேறினேன். பாதிப் படியில் கீழே பத்தூலின் அறையிலிருந்து குறட்டை கேட்டது. அது லம்பேரின் குறட்டை, எனக்குத் தெரியும். ஒவ்வொரு குளிர்காலமும் சுவரைத் தாண்டிக் கேட்டிருக்கிறேன். கொஞ்சம் நின்றேன். பிறகு மிச்சப் படிகளையும் ஏறினேன்.

அறை வாசலில் சிவப்பு வெல்வெட் செருப்பு கிடந்தது. சரிகை வேலை செய்தது, பெருநாளைக்கு நான் வாங்கிக் கொடுத்தது. ஒன்று சுவரைப் பார்த்துக் கிடந்தது. மற்றது கவிழ்ந்து, அடிப்பாகம் வானத்தைப் பார்த்துக் கிடந்தது. பத்தூல் சின்ன வயதிலிருந்தே செருப்பை உதறிவிட்டுத்தான் போவாள். கவிழ்ந்த செருப்பைக் கண்டால் எங்கள் ஊரில் யாரும் தாண்டிப் போகமாட்டார்கள். ஆண்டவனைப் பார்த்துக் காலைத் தூக்குவது மாதிரி அது. குனிந்து திருப்பினேன். குனிந்தது குனிந்தாயிற்று என்று இரண்டையும் ஜோடி சேர்த்து, முனை வெளியே பார்க்க வைத்தேன். விருந்தாளிகள் செருப்பை அப்படித்தான் வைப்பேன். எழுந்து வருகிறவர்கள் திரும்பாமல் அப்படியே கால் நுழைக்கலாம். பத்தூல் ஜென்மத்தில் செருப்பை இப்படி வைத்ததில்லை என்று ஹலீமா உங்களிடம் சொன்னாளாம். அவள் எப்போதும் கடைசி வார்த்தையைத் தன்னிடம்தான் வைத்துக்கொள்வாள்.

சின்னக் கதவு கையகலம் திறந்திருந்தது. வழக்கம் தெரிந்தவள், திறந்துதான் வைத்திருந்தாள். உள்ளேயிருந்து வெதுவெதுப்பு வந்தது. ஒரு முறை இருமினாள்.

"அண்ணே, நீயா?" என்றாள், பாதித் தூக்கத்தில்.

"நான்தான். தூங்கு" என்றேன்.

சின்னக் கதவைச் சாத்தினேன். பழைய மரம், கொஞ்சம் அழுத்தினால்தான் பொருந்தும். அழுத்தினேன். காற்றுக்கு அதில் பங்கில்லை.

நேற்று ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, அந்த மேல் அறையிலேயே தங்க முடியுமா என்று கேட்டார். இவர்கள் இப்படித்தான். பத்தூல் எங்கள் குடும்பத்தாரின் கல்லறைகளுக்குப் பக்கத்தில், இந்த ஊரிலேயே இருக்கிறாள். தாஞ்சியரில் அந்தக் கடல் காற்று அவள் நெஞ்சுக்கு ஒத்துக்கொண்டிருக்காது.

அவளைக் கொல்ல நினைத்துத்தான் மேலே போனேன் என்று எழுதப் போகிறீர்கள். அதில் மட்டும் கையெழுத்துப் போடமாட்டேன், இன்ஸ்பெக்டர். அவள் எழுந்து வரும்போது கால் நுழைக்க வசதியாக இருக்கட்டும் என்றுதானே செருப்பைத் திருப்பி வைத்தேன்?