விட்டுவைத்த மிச்சம்

இரத்தக் கறையை வெந்நீரில் போடக் கூடாது, ஐயா. பச்சைத் தண்ணீரில்தான் ஊற வைக்க வேண்டும். எங்கள் சலவைக் கடையில் துணி போடுகிறவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. ஊரார் அழுக்கில்தான் வயிறு வளர்த்தேன். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

என் மனைவியின் அழுக்குதான் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இடது காது நரம்பில் கட்டி. புற்று இல்லை, சாதுவான கட்டிதான் என்றார் டாக்டர். அறுத்தெடுத்தார்கள். முக நரம்போடு ஒட்டிக் கிடந்த துணுக்கை மட்டும், எடுத்தால் வாய் கோணிவிடும் என்று விட்டுவைத்தார்கள். முகம் தப்பித்தது, அந்தக் காது கேட்காமல் போனது. வீட்டுக்கு வந்தவள் படுக்கையில், தரையில், என் கையில் எல்லாம் வாந்தியெடுத்தாள். தையலில் கசிந்த நீரின் வாடை என் சாப்பாட்டுத் தட்டு வரை வந்தது. சீ என்றாகிவிட்டது எனக்கு. வாயைத் திறக்காமல் துடைத்தேன்.

தேறிவிட்டாள். வருடாவருடம் ஸ்கேன். "டாக்டர் பேசுறது எனக்குப் பாதிதான் விளங்குது, நீங்களே கேட்டுட்டு வந்து சொல்லுங்க" என்பாள். மூன்றாம் வருடம் டாக்டர் என்னை உட்கார வைத்தார்.

"விட்டுவச்சது வளர்ந்திருக்குங்க. தள்ளிப்போட்டா மூளையை அழுத்தும். மறுபடி திறந்துதான் ஆகணும். அம்மாகிட்ட சொல்லிக் கூட்டிட்டு வாங்க."

அந்த வாடைதான் முதலில் நினைவுக்கு வந்தது.

மறைத்தேன் என்று வாக்குமூலத்தில் எழுதாதீர்கள். அன்றைக்கே சொன்னேன். கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். துவைக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு இடது பக்கம் நின்று, ஒன்று விடாமல் சொன்னேன். காதில் விழாததற்கெல்லாம் சிரித்துத் தலையாட்டுவது அவள் வழக்கம். திரும்பக் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

"ஆபரேஷன் வேணாம்தானே?" என்றேன். தலையாட்டினாள்.

டாக்டரிடம் அதைத்தான் சொன்னேன், "அவ வேணாங்கிறா." அவளிடமே நேரில் பேச வேண்டும் என்றார். பிறகு அவர் போனை நான் எடுக்கவில்லை.

அப்புறம் தலைவலி என்றாள், நடையில் தள்ளாடினாள். ஒரு நாள் நல்ல காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு, "ஸ்கேன்ல என்னதாங்க சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. போய்ப் படு."

போன வாரம் குளியலறையில் விழுந்தாள். மூச்சு இருந்தது. சுற்றிலும் வாந்தி. தரையைத் தேய்த்துக் கழுவி, வாடை போன பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். வந்தவர்கள் உயிர் இல்லை என்றார்கள்.

நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அவள் சம்மதம் கேட்காமல் நான் எந்தக் காரியமும் செய்தவனில்லை.