தோளைத் தொடாத பல்லக்கு

முகாமுல ரத்தம் எடுக்கிற வரிசையில நிக்கிறவங்க அங்கேயே நில்லுங்க, காதை மட்டும் இந்தப் பக்கம் கொடுங்க. ஒரு குட்டிக் கதை சொல்லிடறேன்...

எங்க ஊருக்குப் பக்கத்துல வைத்திலிங்கம்னு ஒருத்தர். அறுபதைத் தாண்டினவர். வருஷா வருஷம் அம்மன் புறப்பாட்டுக்குப் பல்லக்குத் தூக்குறவர். அவருக்கு ஜோடியா அடுத்த கம்புல கலியபெருமாள். ஏன் ஜோடி? ரெண்டு பேரும் ஒரே உயரம். பல்லக்குக்குப் பலம் மட்டும் போதாதுங்க... உயரம் பார்த்துத்தான் ஆள் நிறுத்துவாங்க. இல்லாட்டி அம்மன் ஒரு பக்கமா சாய்ஞ்சுடுவா இல்லையா?

ஒரு வருஷம் பாருங்க, வைத்திலிங்கம் தோள்ல கம்பு உட்காரவே மாட்டேங்குது. என்ன பண்ணாரு? ஒரு துண்டை மடிச்சு சும்மாடா வச்சாரு. சரியாப் போச்சு. அடுத்த வருஷம்... ரெண்டு துண்டு. அதுக்கும் அடுத்த வருஷம்... வீட்ல ஒரு தலையணையைக் காணோம்.

சிரிக்கிறீங்க. முதுகு வேற வலிக்குது அவருக்கு. தைலத்தைத் தேய்ச்சுக்கிட்டு யார்கிட்டயும் மூச்சு விடாம இருந்தாரு. ஏன்? சொன்னா, "நீங்க ஒதுங்கிக்குங்க பெரியவரே"ன்னு அந்த இடத்தை வேற ஆளுக்குக் கொடுத்துருவாங்களே. அந்த இடம் அவருக்கு உசுருங்க.

அந்த வருஷம் தெற்கு வீதி திரும்புறப்ப தலையணை நழுவி விழுந்துருச்சு. பல்லக்கு சாயுது... சாயுது... பின்னாடி இருந்தவங்க எப்படியோ தாங்கிப் பிடிச்சாங்க. கோயில்ல இறக்கி வச்சதும் ஆரம்பிச்சுது சண்டை.

"எவன்டா கம்பை மாத்தினது? என் தோளுக்கு எட்டலையே."

"கம்பு அதேதான்டா. நீ இங்க வந்து நில்லு"ன்னாரு கலியபெருமாள்.

முதுகோட முதுகு ஒட்டி நின்னாங்க. கலியபெருமாள் தன் தலை மேல கையை வச்சு, அப்படியே பின்னாடி நீட்டினாரு. கை வைத்திலிங்கம் தலையில படல. காத்துல நிக்குது. சண்டை அதோட ஓஞ்சுது.

"டேய்... நீ குறைஞ்சுட்டேடா."

மறுநாளே ஆஸ்பத்திரி. கலியபெருமாள்தான் கூட்டிக்கிட்டுப் போனாரு. டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துப் பார்த்தாங்க. "ஐயா, உங்க எலும்பு உள்ளுக்குள்ளயே மெலிஞ்சு போயிருக்கு. முதுகெலும்பு ரெண்டு இடத்துல நொறுங்கி அமுங்கியிருக்கு."

"நான் எங்கயும் விழலையே. இது பொம்பளைங்களுக்கு வர்ற வியாதியாச்சே?"

"எலும்பு ஆம்பளைக்கும் இருக்குல்லய்யா? பீடி வேற ஊதுறீங்க, அதுவும் எலும்பை அரிக்கும்."

"மருந்து சாப்பிட்டா உயரம் திரும்பி வருமா?"

"வராது. இன்னும் நொறுங்காமக் காப்பாத்தலாம். ஆனா இனிமே நீங்க பாரம் தூக்கக் கூடாது."

மனுஷன் அழுதுட்டாரு. அழுதுக்கிட்டே என்ன சொன்னாரு தெரியுமா? "டாக்டரம்மா, இவனையும் பாத்துருங்க."

"எனக்கென்னடா கேடு?"

"ஒரே பீடிக்கட்டுதானடா ரெண்டு பேரும் ஊதினோம்?"

பார்த்தாங்க. கலியபெருமாளுக்கும் எலும்பு மெலிய ஆரம்பிச்சிருக்கு... ஆனா எதுவும் உடையல. அன்னிக்கே பீடி போச்சு. கேழ்வரகு வந்துச்சு, பால் வந்துச்சு, காலை வெயில்ல நடை வந்துச்சு. அடுத்த வருஷம் டாக்டரம்மா சரின்ன பிறகு கலியபெருமாள் கம்புக்குக் கீழ நின்னாரு. வைத்திலிங்கம்? மருந்தும் தவறல, நடையும் தவறல. பல்லக்குக்கு முன்னாடி நடந்து போறாரு. "பள்ளம்டா, பாத்து... இங்க தண்ணி ஊத்தியிருக்கான், ஓரமா வா..." ஊரே கேக்குது அந்தக் குரலை.

இப்ப சொல்லுங்க... அவர் எங்க தப்பு பண்ணாரு? எலும்பு மெலிஞ்சதா தப்பு? இல்லைங்க. துண்டு போட்டு மறைச்சாரு பாருங்க, அது. நாம மறைக்கலையா? வேட்டி தரையைத் தட்டுது, தூக்கிக் கட்டிக்கிறோம். புடவை புரளுது, ஏத்திச் சொருகிக்கிறோம். அலமாரி எட்டல... ஸ்டூல் போட்டு ஏறுறோம், அதுவும் ஈரக்காலோட. முதுகு வளைஞ்சா, வயசாச்சுங்கிறோம். எல்லாம் துண்டுதாங்க. எல்லாம் தலையணைதான்.

அதோ அந்தச் சுவர் ஓரமா உயரம் அளக்கிறாங்க. முன்ன இருந்ததை விட ரெண்டு விரக்கடை குறைஞ்சிருந்தா, வீட்டுக்குப் போகாதீங்க, நேரா டாக்டர்கிட்ட வாங்க. எழுந்திரிங்க, போய் நில்லுங்க. ஆனா தனியாப் போகாதீங்க... உங்க பக்கத்துல உட்கார்ந்திருக்கிற கலியபெருமாளையும் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போங்க.