குழம்புக்கு வந்த வசவு

— நான் எழுதலை ஷைனி மோளே. மாதா சத்தியமா… வேண்டாம், மாதாவை எதுக்கு இதுல இழுக்கணும். நான் எழுதலை.

— மரியக்குட்டி சேச்சி, அந்தம்மாவோட மீன் குழம்பு வலைப்பூவுல வந்திருக்கிற பின்னூட்டத்தைப் பாருங்க. ‘கரண்டி போட்டுக் கிண்டினவ கையை வெட்டணும், சட்டியைத்தான் சுத்தணும்.’ இந்தப் பாலா ஊர்ல இப்படிப் பேசறது வேற யாரு? சர்ச் பெருநாளுக்குப் பெருநாள் சமையல்கட்டுல நின்னு கத்தறீங்களே!

— அதுல பேரே இல்லையே. அனானின்னுதானே போட்டிருக்கு.

— பேரை மறைச்சீங்க, வாயை மறைக்கலையே! திட்டிட்டுப் போகாம, கீழயே திருத்தமும் எழுதி வச்சிருக்கீங்க. அடியில கறிவேப்பிலை பரப்பணுமாம், குடம்புளியை உப்புத் தண்ணியில ஊறப்போடணுமாம்.

— தப்பா சமைச்சா என் கை சும்மா இருக்காது மோளே.

— முதல் கம்ப்யூட்டர் வகுப்புலயே என்ன சொன்னேன்? முகத்துக்கு நேரா சொல்ல முடியாததை இணையத்துல எழுதாதீங்கன்னு சொன்னேனா இல்லையா?

— முகத்துக்கு நேரா இதைவிட மோசமா சொல்வேனே! ஃபாதர்கிட்டயே ‘உங்க பிரசங்கம் நேத்து வடிச்ச கஞ்சி’ன்னு சொல்லியிருக்கேன். அவர் சிரிச்சாரு.

— அவர் உங்களைப் பார்த்துக்கிட்டே சிரிச்சாரு. எழுத்துல உங்க சிரிப்புத் தெரியாது சேச்சி, வசவு மட்டுந்தான் தெரியும். பாவம் அந்தம்மா! உங்களை ஒரு வலைப்பூ ஆரம்பிங்கன்னா மூணு மாசமா மழுப்பறீங்க. ஆரம்பிச்சவளைப் போய் இப்படியா?

— அவ ஒண்ணும் அழுதிருக்க மாட்டா.

— உங்களுக்கெப்படித் தெரியும்?

— வாரா வாரம் எழுதினா. ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்கலை. புருஷன் போன வீட்டுல தனியா உக்காந்து சாப்பிடற மாதிரி. நல்லாயிருக்குன்னும் சொல்ல ஆளில்லை, உப்பில்லைன்னும் சொல்ல ஆளில்லை. அழுதிருந்தா அப்போ அழுதிருப்பா. இப்போ பாரு, குவைத்துல வேலை பார்க்கற நம்மூரு நர்ஸுங்க அத்தனை பேரும் அவளுக்காகச் சண்டைக்கு வந்துட்டாங்க. அபுதாபியிலருந்து ஒருத்தன் ‘அம்மச்சி, நீங்க எழுதுங்க, நாங்க இருக்கோம்’னு எழுதியிருக்கான்.

— அதையெல்லாம் உக்காந்து படிச்சீங்களா?

— ரெண்டு தடவை.

— வெக்கமாயில்லை? சேச்சி, ஒழுங்கா கேளுங்க. மன்னிப்பு எழுதலைன்னா நாளையிலருந்து இந்த வாசகசாலையில உங்களுக்கு நாற்காலி கிடையாது.

— அய்யோ, அப்படிச் சொல்லாத மோளே. வீட்டுல கம்ப்யூட்டர் ஏது? இந்த நாற்காலியும் போனா சாயங்காலம் நான் யார்கூடப் பேசுவேன்?

— அப்போ எழுதுங்க.

— சரி. ‘அன்புள்ள சகோதரிக்கு, உங்க மீன் குழம்பை நாய்கூடத் தின்னாதுன்னு எழுதினது தப்பு. நாய் தின்னும்.’

— சேச்சி!

— உண்மையைத்தானே எழுதறேன்.

— அழிங்க. சிரிக்காதீங்க, எனக்கும் வருது. அழிங்க!

— ‘உங்க பேரு தெரியாததாலதான் அப்படி எழுதினேன். தெரிஞ்சிருந்தா…’

— தெரிஞ்சிருந்தா?

— ‘…இன்னும் நாலு வார்த்தை சேர்த்திருப்பேன்.’

— எந்திரிங்க. கிளம்புங்க.

— இரு, இரு. இந்தத் தடவை ஒழுங்கா. ‘சகோதரி, எனக்குக் குழம்பு மேல கோபமில்லை. யாராவது கேக்கறாங்களான்னு தெரியாமலே ஒருத்தி பேசிக்கிட்டு இருந்தா. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கலை. நல்லதா ரெண்டு வார்த்தை எழுத வெக்கமாயிருந்தது. திட்டறது சுலபமா வந்தது. மன்னிச்சுக்கோங்க. எழுதறதை நிறுத்தாதீங்க.’ போதுமா டீச்சர்?

— போதும் சேச்சி. இதை முதல்லயே எழுதியிருக்கலாமே. அனுப்புங்க. கீழ உங்க பேரைப் போடுங்க.

— பேரு… போட்டாச்சு.

— சரி, அணைச்சுட்டு வாங்க. பூட்டணும். மறுபடியும் என்ன தட்டறீங்க?

— ஒரு நிமிஷம் மோளே. என் மீன் குழம்பு வலைப்பூவுக்கு வந்து மரியக்குட்டி மன்னிப்புக் கேட்டிருக்கா, பதில் போடாம எப்படி வர்றது?