கேட்கும் காது

பாட்டே பிடிக்காதவள் என்று என்னை எழுதிக்கொள்ளாதீர்கள், ஐயா. ரந்தாவ் பக்கம் எந்த ரப்பர் தோட்டத்தில் கரகம் எடுத்தாலும் குலவை போடுவதில் நான்தான் முந்தி நிற்பேன்.

என் வீட்டுக்காரர் தோட்டத்து லாரி டிரைவர். சிரம்பான் டவுனுக்கு ரப்பர் ஷீட் ஏற்றிப் போனவர், போன வருஷம் ஒரு கேசட் வாங்கி வந்தார். வெள்ளைக்காரன் பாட்டு. ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. அதிலும் பாதிக்கு மேல் யாரும் வாயே திறப்பதில்லை. மழை பெய்யும், ஆர்கன் மெல்ல எழும்பும், எங்கோ தூரத்தில் கித்தார் அழும். அவருக்குச் சின்ன வயதிலிருந்தே இடது காது கேட்காது. வேலை முடிந்து வந்ததும் வலது காதைப் பாட்டுப் பெட்டியோடு ஒட்டிவைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். கேட்கும் காது பெட்டிக்கு, செவிட்டுக் காது எனக்கு.

"அப்படி என்னங்க இருக்கு அதுல?" என்று ஒருநாள் தோளைத் தட்டிக் கேட்டேன்.

"இது பாட்டு இல்ல புள்ள, ஒரு எடம்லா. உள்ள போயி உக்காந்துக்கலாம்."

"நானும் வரட்டுமா?"

சிரித்தார். "ஒனக்கு வெளங்காது புள்ள. போயி சோத்த வடி."

மறுநாள் அவர் லாரி எடுத்துப் போனபிறகு நானே போட்டுக் கேட்டேன். நன்றாக இல்லாவிட்டால் விட்டிருப்பேன். ஆனால் நன்றாக இருந்தது. கித்தார் வந்த இடத்தில் எனக்கும் அழுகை வந்துவிட்டது. இவ்வளவு நல்ல இடத்துக்கு என்னை விட்டுவிட்டுத் தினமும் தனியாகப் போய்வருகிறாரே என்று வயிறு எரிந்தது. சக்களத்தி என்றால் மயிரைப் பிடித்து இழுத்து வந்து நியாயம் கேட்டிருக்கலாம். கேசட்டை உடைத்திருக்கலாமே என்கிறீர்கள். உடைத்தால் வேறொன்று வாங்கியிருப்பார்.

சனிக்கிழமை எங்கள் வீட்டில் எண்ணெய்க் குளியல். தலைக்குத் தேய்த்துவிட்டுக் காதுக்கும் இரண்டு சொட்டு விடுவேன். பால் ஸ்டோரில் ரப்பர் பாலை உறையவைக்க ஆசிட் கலப்பது என் வேலை. தண்ணீர் கலக்காததில் கொஞ்சம் கொண்டுவந்திருந்தேன். அவர் வலது காது மேலே தெரிய என் மடியில் தலைவைத்துப் படுத்தார்.

"சூடா இருக்கா புள்ள?"

"ஆறிடுச்சுங்க" என்றேன். கை தவறவில்லை, ஐயா. கரண்டி நிறைய, வேண்டுமென்றேதான் விட்டேன்.

நேற்று ஆஸ்பத்திரியில் பார்த்தேன். நான் பேசினால் என் முகத்தையே பார்க்கிறார். கல்யாணமான நாளிலிருந்து அப்படிப் பார்த்ததில்லை. இனிமேல் அந்தப் பெட்டி என்ன பாடுகிறது என்று அவருக்கு நான்தான் சொல்லவேண்டும். எனக்கு அது முழுக்க மனப்பாடம். வாக்குமூலத்தைச் சீக்கிரம் எழுதி முடித்து என்னை வீட்டுக்கு அனுப்புங்கள், ஐயா.